ஞானஸ்நானம் பெற்றதை வீட்டில் சொல்லாதவன் கோழையா?

தம்பி, பிறரும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். வயது 27. கப்பலூரில் வேலை, மதுரையில் வாடகை வீடு. உடன் வேலை பார்ப்பவர் அழைத்துப்போன ஒரு சிறு சபையில் ஒன்றரை ஆண்டு பழகி, போன ஆனி மாதம் ஞானஸ்நானம் பெற்றீர்கள். ஆவணியில் ஊரில் வழக்கமான முறையில் கல்யாணம் நடந்தது. இப்போது மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடு வருகிறது. கல்யாணமாகிவிட்டதால் இந்த ஆண்டு முதல் நீங்களும் ஒரு தலைக்கட்டு, அதாவது ஊர்க் கணக்கில் தனிக் குடும்பம், வரி கொடுக்க வேண்டும், சாமிப் பெட்டி எடுக்கும் இரவில் அப்பாவோடு நிற்க வேண்டும். போனால் அது மறுதலிப்பு, கிறிஸ்துவையே இல்லை என்று சொல்வது, என்கிறார் உங்கள் போதகர். போகாவிட்டால் "என் பிணத்துக்குக் கொள்ளி வைக்க வராதே" என்று சொல்லக்கூடிய மனிதர் உங்கள் அப்பா. "எதிர்ப்புக்கு நடுவில் தைரியமாக விசுவாசத்தில் வாழ்வது எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வியின் வாசகம் அது. ஆனால் உள்ளே உங்களைக் குடைவது வேறொன்று என்று எனக்குப் படுகிறது: இத்தனை நாளாக வாய் திறக்காமல் இருந்துவிட்டேனே, நான் கோழையா, மறுதலித்தவனா? அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதப்போகிறேன். கடிதத்தின் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஐந்து சொற்களில் நீங்கள் சொல்லிவிட்டு நகர்ந்த ஒரு விஷயத்துக்கும் பிறகு வருவேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தென்னிந்தியத் திருச்சபையில் போதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் மதுரைக்கு மேற்கே உள்ள கிராமச் சேகரங்களில் கழிந்தது. வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் குடும்பங்களோடு வக்கீல் அலுவலக வாசலில் காத்திருந்து கற்றது.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. மௌனமும் மறுதலிப்பும் ஒன்றல்ல. பேதுரு செய்தது மறுதலிப்பு: நேருக்கு நேர் கேட்டபோது "அந்த மனுஷனை அறியேன்" என்றான். நிக்கொதேமு இயேசுவைப் பார்க்க இரவில் வந்தவன். அரிமத்தியா ஊர் யோசேப்பு யூதருக்குப் பயந்து அந்தரங்கச் சீஷனாக இருந்தவன் என்று யோவான் மறைக்காமல் எழுதுகிறார். ஆனால் சீஷர்களெல்லாம் சிதறிப்போன மாலையில், பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்டு வாங்கியவன் அந்த யோசேப்புதான். ஏறத்தாழ நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் சுமந்து வந்தவன் அந்த நிக்கொதேமுதான். சுவிசேஷத்தை எழுதியவருக்கு அவர்களைக் கோழைகள் என்று ஒதுக்கத் தோன்றவில்லை. அவர்களுக்கு ஒரு நேரம் இருந்தது, அந்த நேரம் வந்தபோது வந்தார்கள்.

ஆதித் திருச்சபையும் இதில் நம்மைவிட நிதானமாக இருந்தது. கி.பி. 250இல் தேசியஸ் பேரரசன் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது, கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான் ஊரைவிட்டு மறைந்துகொண்டார். ஓடிப்போனவர் என்று சொந்தத் திருச்சபையிலேயே முணுமுணுத்தார்கள். அடுத்த உபத்திரவத்தில், 258இல், அதே சிப்ரியான் தப்பிக்க வழியிருந்தும் தப்பிக்காமல் தலை வெட்டப்பட்டு இறந்தார். அதற்கு முந்திய நூற்றாண்டில் சிமிர்னாவில் பாலிகார்ப் இரத்தசாட்சியாக இறந்தார். அதை எழுதிவைத்தவர்கள் குவிந்துஸ் (Quintus) என்ற இன்னொருவரைப் பற்றியும் எழுதிவைத்தார்கள். தானே போய்ச் சரணடைந்து மற்றவர்களையும் தூண்டிவிட்டவர் அவர். மிருகங்களைக் கண்டதும் நடுங்கிப்போய்ப் பலியிட்டுவிட்டார். தாமாகப் போய்த் தலையைக் கொடுப்பவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று அங்கேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். "ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறுபட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்று இயேசுவே சொன்னதும், மறுதலிப்பைப் பற்றி உங்கள் போதகர் மேற்கோள் காட்டிய அதே மத்தேயு 10ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. பத்து வசனம் முன்னால்.

ஆகவே எட்டு மாதம் சொல்லாமல் இருந்ததற்காக உங்களை மறுதலித்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் உங்கள் ஊரில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும்.

அடுத்தது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதது: கும்பிடுக்குப் போகலாமா? இதில் சபைக்குச் சபை, போதகருக்குப் போதகர் வேறுபடுவார்கள். என் சபைக்குள்ளேயே வேறுபடுவார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது மூன்றைப் பிரித்துப் பேசுகிறார். கடையில் விற்கும் இறைச்சி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் சாப்பிடு. வேற்று விசுவாசி ஒருவர் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால் போய் வைத்ததைச் சாப்பிடு. பலிபீடத்தில் பங்காளியாக மட்டும் இராதே. இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால், கிடா வெட்டிய மறுநாள் அத்தை வீட்டில் போடும் சோறு வேறு, பெட்டியைத் தலையில் சுமப்பது வேறு. சுமப்பதும், பூசாரிக்குரிய வேலைகளில் கை வைப்பதும் உங்களுக்கு இனிப் பொருந்தாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஓரமாக நிற்பது? அப்பாவுக்கு விளக்குப் பிடிப்பது? நீட்டிய திருநீற்றைக் கையில் வாங்குவது? இங்கேதான் நாகமான் நினைவுக்கு வருகிறான். குஷ்டம் நீங்கிய அந்தச் சீரியப் படைத்தலைவன், இனி கர்த்தரைத் தவிர யாருக்கும் பலியிட மாட்டேன் என்றவன், அடுத்த மூச்சிலேயே ஒரு விதிவிலக்குக் கேட்டான்: என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலுக்குள் போகும்போது நானும் குனிய வேண்டியிருக்குமே, அதை மன்னிக்க வேண்டும். எலிசா பிரசங்கம் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். இது நாகமானுக்கு மட்டும் சொன்னது, நமக்குச் சட்டமாகாது என்று வாதிடுபவர்கள் உண்டு, அவர்கள் வாதத்திலும் பலம் இருக்கிறது. எனக்கோ, ஒரு தீர்க்கதரிசி ஒரு புதிய விசுவாசியை அப்படி வழியனுப்பியிருக்கிறார் என்பதே போதுமான எச்சரிக்கை.

எது வழிபாடு, எது வழக்கம் என்கிற இந்தச் சண்டைக்கு மதுரையைவிடப் பழைய இடம் தமிழ்நாட்டில் இல்லை. 1606இல் இங்கே வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, புலால் விலக்கி, சந்தனம் பூசிச் சந்நியாசியாக வாழ்ந்தார். அவருக்குப் பத்தாண்டுக்கு முன்பிருந்தே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சக இயேசு சபைக்காரரே அது அந்நிய மதச் சின்னம் என்று புகார் எழுதினார். ரோமாபுரி வரை போன வழக்கில், 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி குடுமியும் பூணூலும் சந்தனமும் சில நிபந்தனைகளோடு இருக்கலாம் என்றார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இன்னொரு ஆணையில் வழக்கங்களை இறுக்கிக் கட்டினார். ஒரு கீற்றுச் சந்தனத்துக்கு நூற்றிருபது ஆண்டு வழக்கு! பாப்பரசர்களே இவ்வளவு யோசித்த விஷயத்தில், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நான் இப்படித் தயங்கித் தயங்கிப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நானும் உங்கள் போதகரைப் போலத்தான் பேசினேன். 1988இல், சைக்கிளில் ஐந்து கிராமம் சுற்றிக்கொண்டிருந்த புதிய போதகன் நான். ஜின்னிங் மில்லில் வேலை பார்த்த ஒருவர், முப்பது வயது இருக்கும், ஞானஸ்நானம் பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. புரட்டாசியில் அவர் அப்பா இறந்துபோனார். தலைமகன் அவர்தான். நீர்மாலைக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது என் முகத்தைப் பார்த்தார். சங்கும் சேகண்டியும் முன்னால் போகும், தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடிப்பார்கள், பிள்ளைகள் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்து உடலைக் குளிப்பாட்டுவார்கள். நான் போகக்கூடாது என்றேன். "தண்ணீர் எடுத்து வந்து அப்பாவைக் குளிப்பாட்டுவதில் என்ன பாவம், ஐயா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அப்போது என்னிடம் பதில் இருந்தது. சரளமாகச் சொன்னேன். அவர் தெருமுனைப் புளியமரத்தடியில் வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தம்பி குடம் சுமந்தான், தம்பியே கொள்ளி வைத்தான். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பாடை அவரைத் தாண்டித்தான் போனது. ஒருவரும் திட்டவில்லை. அக்காள் மட்டும் கூட்டத்திலிருந்து விலகி வந்து, அழுதபடியே, ஒரு செம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். காலையிலிருந்து அவர் எதுவும் குடிக்கவில்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம் ஆலயத்துக்கு வந்தார், பிறகு நின்றுவிட்டார். பல ஆண்டு கழித்து ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் அவரே என்னை அடையாளம் கண்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, என் பையைத் தேனி பஸ் வரை தூக்கி வந்தார். வீட்டில் ஜெபிக்கிறேன், சபைக்குத்தான் போவதில்லை என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்து, "அன்றைக்கு நீங்கள் சொன்னபடி செய்தேன். சரியாகத்தானே செய்தேன், ஐயா?" என்று கேட்டார். குறை சொல்லும் தொனி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். பஸ் நகர்ந்துவிட்டது. நகராமல் இருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

தைரியம் என்று நான் அவரிடம் கேட்டு வாங்கியது என்னுடைய தைரியம். விலை கொடுத்தவர் அவர். உங்கள் போதகரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கும்பிடு நடக்கிற இரவில் அவர் எங்கே இருப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு அவர் அனுப்பியதாக நீங்கள் சொன்ன அருளானந்தர் வரலாற்றையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மதுரை மிஷனைச் சேர்ந்த போர்த்துகீசியப் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். கருமாத்தூர்க் கல்லூரிக்கு அவர் பெயர்தான், உங்கள் ஊர் பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. அவர் தைரியத்தில் குறை சொல்ல நான் யார்? ஆனால் வழக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் நோய் நீங்கி ஞானஸ்நானம் கேட்டார். பல மனைவியர் இருக்கக்கூடாது என்பதால் ஒருத்தியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் போய் முறையிட்டாள், அதன் பிறகுதான் கைது. நம் பிரசங்கங்களில் அந்தப் பெண் எப்போதும் வில்லியாகவே வருகிறாள். ஒருநாள் காலையில் கணவன் கிறிஸ்தவனாகிவிட்டதால் வீட்டைவிட்டு வெளியே வந்தவள் அவள் என்பதை ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. நானும் முப்பது ஆண்டு சொன்னதில்லை.

இதை ஏன் இழுக்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய அந்த ஐந்து சொற்கள்: "என் மனைவிக்கும் இன்னும் முழுதாகத் தெரியாது."

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அப்பாவும் இல்லை, குலசாமியும் இல்லை, இந்த வரிதான். ஆனியில் ஞானஸ்நானம், ஆவணியில் கல்யாணம். நடுவில் இரண்டு மாதம். நிச்சயம் பேசியபோது அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் குலசாமி முன்னால் உங்களோடு நின்று, நீங்களும் தன்னைப் போலவே கும்பிடுகிறவர் என்று நம்பித் தாலிக்குக் கழுத்தை நீட்டினாள். அப்பாவிடம் சொல்லாததை நான் மௌனம் என்பேன். இதற்கு அந்தப் பெயர் போதாது. ஊரார் எதிர்ப்பைத் தாங்குவது எப்படி என்று கேட்கிறீர்கள். உங்களை எதிர்க்காத, உங்களை நம்பியிருக்கிற ஒரே ஆளிடம் உண்மை சொல்வதுதான் உங்களுக்கு இப்போது மிகக் கடினமாக இருக்கிறது. தைரியம் அங்கே தேவைப்படுகிறது, முதலில் அங்கே.

சட்டமும் இந்த இடத்தில் குறுக்கே வருகிறது. இந்து திருமணச் சட்டம், 1955, இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். ஒரு கிறிஸ்தவருக்கும் இந்துப் பெண்ணுக்கும் இந்து முறைப்படி நடந்த திருமணம் அந்தச் சட்டத்தின்கீழ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது. தொட்டியில் முழுகி எழுந்தது மட்டுமே சட்டத்தின் கண்ணில் மதமாற்றம் ஆகுமா, பெயரும் ஆவணங்களும் மாறாத நிலையில் உங்கள் திருமணம் எந்தக் கணக்கில் வரும் என்பதெல்லாம் வாதத்துக்கு உரியவை. அதை ஒரு குடும்பநல வக்கீல் காகிதங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வழி இல்லாமல் இல்லை: சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன் 15ஆம் பிரிவு, வேறு முறையில் ஏற்கெனவே நடந்த திருமணத்தையும் பதிவு செய்ய இடம் தருகிறது. முப்பது நாள் அறிவிப்பு உண்டு, இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து என்பதைக் கவனியுங்கள். அவளுக்குத் தெரியாமல் அது நடக்காது. நாளை ஏதாவது நேர்ந்தால் நிர்க்கதியாக நிற்கப்போவது அவள்தான் என்பதால் சொல்கிறேன், பயமுறுத்துவதற்காக இல்லை. வக்கீலுக்குப் பணம் பிரச்சினை என்றால் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலும், கட்டணமில்லாமல் வக்கீல் வைத்துத் தருவார்கள்.

சட்டத்தில் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. வயது வந்த ஒருவர் மனம் மாறி ஞானஸ்நானம் பெற இன்று இங்கே யாருடைய அனுமதியும் தேவையில்லை. அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு நம்பவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லிவிட்டது. சொத்து விஷயத்தில், மதம் மாறியதால் உங்களுடைய வாரிசுரிமை போகாது. 1850ஆம் ஆண்டுச் சட்டமே அதைக் காத்திருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு தொடுவது, மதம் மாறிய பின் பிறக்கும் பிள்ளைகளை: வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் அவர்கள் இந்துக்களாக இல்லையென்றால், இந்து உறவினர் சொத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை. தாத்தா நிலம் பற்றி அப்பா பேசினால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சமூகம் என்று நீங்கள் எழுதவில்லை. பொது இடத்தில் எழுதாததும் நல்லது. பட்டியல் சாதியாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியர்களுக்கும், 1990 முதல் பௌத்தர்களுக்கும் மட்டுமே பட்டியல் சாதி என்ற தகுதி. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். விசுவாசம் ஒன்று, சான்றிதழ் வேறொன்று என்று வைத்துக்கொள்வதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே சொல்லிற்று. இந்த ஆணை அநியாயம் என்பது என் கருத்து. ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிடுகிறது என்று அரசாங்கம் நம்புகிறது. எங்கள் கல்லறைத் தோட்டங்களில் நடுவே நிற்கும் சுவர்களைப் பார்த்தவர்கள் அப்படி நம்ப மாட்டார்கள். 1745இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அடுத்த நூற்றாண்டில் சாதிக்கொரு பக்கமாக இரண்டாகப் பிரித்து ஆலயம் கட்டினார்கள். எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும்தான் வரும் என்று நினைத்து வராதீர்கள். நாளைக்கே உங்கள் சபையில் ஒருவர் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்கு அப்பாவிடம் பேசுவதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டியிருக்கும்.

எதிர்ப்பு என்று நாம் சொல்வதெல்லாம் விசுவாசத்தின் கணக்கில் சேராது. பேதுரு தம் நிருபத்தில், கொலைகாரனாகவோ திருடனாகவோ பாடுபடாதே என்று எழுதிவிட்டு, அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனாகவும் பாடுபடாதே என்று அதே வரிசையில் சேர்க்கிறார். ஊர்ச் சாவடியில் நின்று குலசாமியைப் பிசாசு என்று சொல்லி அடி வாங்கினால், அது எந்தக் கணக்கில் சேரும் என்று அவர் சொல்லிவிட்டார். நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லச் சொன்னதும் அவரே. உங்கள் அப்பாவின் சாமி, அவருடைய அப்பா தூக்கி வந்த பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச உங்களுக்கு ஒரு வார்த்தையும் தேவையில்லை.

இனிச் செய்ய வேண்டியது. சிவராத்திரிக்குள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம், ஊரில் வேண்டாம். மதுரை வீட்டில், சாப்பிட்டு முடித்த பிறகு. எப்போது, எங்கே, ஏன், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நான்கையும் சொல்லுங்கள். நான்காவதுதான் கடினம். நீயும் வா என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். வேதவசனம் எதுவும் எடுக்காதீர்கள். அவள் நான்கு நாள் பேசாமல் இருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லலாம். போகட்டும், பஸ் ஏற்றிவிட்டு வாருங்கள். நம்பாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் தள்ளிவிடாதே என்று பவுல் எழுதியது உங்களைக் கட்டும், அவளைக் கட்டாது.

அதன் பிறகு அம்மாவிடம். அப்பாவிடம் நேரே போக வேண்டாம் என்பது என் அனுபவம். தாய்மாமன் ஒருவர் இருப்பார் இல்லையா, அவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் மாமன் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் அப்பாக்கள் அவ்வளவு எளிதில் கை ஓங்குவதில்லை. அப்பா கத்துவார். கொள்ளி பற்றிய அந்த வார்த்தையையும் சொல்லக்கூடும். "நீங்கள் வரவிட்டால் வந்து செய்கிறேன் அப்பா" என்பதற்கு மேல் பதில் வேண்டாம். கும்பிடு நாளன்று கோயில் திடலில், பங்காளிகள் முன்னால் அவருக்குத் தெரியவரும்படி விடுவது மட்டும் கூடாது. அது அவரை மூலையில் தள்ளும், மூலையில் தள்ளப்பட்டவர் நினைத்ததைவிடப் பெரிதாகச் செய்வார். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தோன்றினால் மதுரைக்குக் கிளம்பி வந்துவிடுங்கள். 112ஐ அழைப்பதிலும் காவல் நிலையத்தில் மனு எழுதிக் கொடுப்பதிலும் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. பவுலும் சவுக்கடிக்கு முன்னால் தம் ரோமக் குடியுரிமையை எடுத்துக் காட்டியவர்தான், அதற்கு முன் கூடையில் உட்கார்ந்து மதில் வழியாக இறங்கித் தப்பியவரும்தான்.

தலைக்கட்டு வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது அரசு வரி இல்லை, சட்டப்படி ஒருவரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் உங்கள் ஊரில் வரி கொடுக்காதவன் ஊரில் இல்லாதவன். பந்தல், விளக்கு, வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அதில்தான் நடக்கிறது. பூசைச் செலவுக்கு இல்லாமல் சாப்பாட்டுச் செலவுக்கு என்று சொல்லிக் கொடுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பைசா தராமல் இருபது ஆண்டு ஊருக்கு வெளியே நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் நேர்மையான ஆட்கள் இருந்தார்கள். முதல் ஆண்டே வரியில் சண்டையைத் தொடங்க வேண்டாம் என்பது என் எண்ணம், அவ்வளவுதான். கேட்டால் சாப்பாட்டுக்கு என்று சொல்லிக் கொடுங்கள்.

அப்பாவிடம் சொன்ன பிறகும் அவர் வரச் சொன்னால், கும்பிடுக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். பெட்டி எடுக்கும் நேரத்தில் எங்கே நிற்பது என்பதை அப்பாவிடமே கேளுங்கள், சொல்லட்டும். அதற்கு முன்னால் அடுப்புக்கு விறகு இறக்கவும் அண்டா கழுவவும் ஆள் பற்றாக்குறையாகத்தான் இருக்கும்.